பன்றி வேட்டைக்கும் போட்டிக்கும் ஒரே லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள்: எதை எடுக்கலாம்?

கரிசல்காடு:

வணக்கம். டல்லாஸுக்கு வடக்கே இருக்கிறேன், எச்-1பி விசா. கூட வேலை பார்ப்பவருடைய மாமனாருக்கு ஓக்லஹோமா எல்லை ஓரமாக ஒரு பண்ணை இருக்கிறது. காட்டுப்பன்றிகள் ராத்திரியோடு ராத்திரியாக வந்து வயலைக் கிளறிப் போட்டுவிட்டுப் போவது அவருக்குப் பெரிய தலைவலி, ஆள் சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். நவம்பரில் மான் சீசனுக்கும் வரச் சொல்லியிருக்கிறார். ஹண்டர் எஜுகேஷன் முடித்து லைசென்ஸும் எடுத்தாயிற்று, ரேஞ்சில் (சுடும் பயிற்சி மைதானத்தில்) வாடகைத் துப்பாக்கியில் கொஞ்சம் கை பழகியிருக்கிறது. இனி சொந்தமாக ஒன்று வேண்டும்.

ஏஆர் (ஏஆர்-15 வகை செமி ஆட்டோ ரைஃபிள்) வேண்டாம், அந்தச் சண்டையை இங்கே ஆரம்பிக்காதீர்கள். எனக்குப் பிடித்தது லீவர், ட்ரிக்கருக்கு அடியில் இருக்கும் கைப்பிடியைத் தள்ளி இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுகிற ரகம், அவ்வளவுதான். பக்கத்து கிளப்பில் மாதம் ஒருமுறை கௌபாய் மேட்ச் (பழைய மேற்குக் காலத்துப் பாணியில் சுடும் போட்டி) நடக்கிறது, அதிலும் கலந்துகொள்ள ஆசை. தோட்டா, சைட் (குறிபார்க்கும் பாகம்) எல்லாம் சேர்த்து 1,300 டாலர் வரை போகலாம். கண்ணில் பட்டவை: ரூகர் செய்கிற புது மார்லின் 336, ஹென்றி .30-30, ரோஸ்ஸி ஆர்92 .357 மேக்னம், அப்புறம் ஒரு பான் ஷாப்பில் (அடகுக் கடை) தொங்குகிற பழைய வின்செஸ்டர் 94. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும். எதை எடுப்பீர்கள்?

பழைய_டப்பா:

பிராண்டை விடுங்கள் தம்பி, முதலில் தூரத்தைச் சொல்லுங்கள். அந்தப் பண்ணையில் எவ்வளவு தொலைவிலிருந்து சுடுவீர்கள்? ஓடை ஓரம் புதரா, இல்லை திறந்த கோதுமை வயலா? 100 யார்ட் என்றால் ஒரு பதில், 250 என்றால் வேறு பதில்.

கரிசல்காடு:

ஓடை, புதர், மெஸ்கிட் முள். ஃபீடர் (தீனி போடும் கருவி) வைத்திருக்கிறார், மரத்தடி பிளைண்டிலிருந்து (மறைந்து உட்காரும் இடம்) அது 80 யார்ட் இருக்கும். அதற்கு மேல் சுடும்படி வராது என்றுதான் நினைக்கிறேன்.

பழைய_டப்பா:

அப்படியானால் .30-30 தோட்டா. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

வேட்டைத் தோட்டாக்களில் இது கிழம். ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894-க்கு அடுத்த வருஷமே, 1895-இல் வந்தது. புகையில்லா வெடிமருந்து போட்டு அமெரிக்காவில் வந்த முதல் சிறு விட்ட வேட்டைத் தோட்டா. அன்றிலிருந்து மான் காட்டில் அதற்கு வேலை இருந்துகொண்டே இருக்கிறது. 150 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு வினாடிக்கு 2,390 அடி வேகத்தில் வெளியே வரும், 170 கிரெய்ன் 2,200. 100 யார்டில் சரியாகப் படும்படி சைட் வைத்தால் 200-இல் ஏழெட்டு இன்ச் கீழே இறங்கிவிடும். அதனால்தான் நான் 100 யார்டில் இரண்டரை இன்ச் மேலே படும்படி வைக்கச் சொல்வேன். அப்போது 150 வரை கணக்குப் போடாமல் நேராகப் பிடித்துச் சுடலாம். அதற்கு மேல் சுடாதீர்கள். பன்றிக்கு 170 கிரெய்ன் போடுங்கள். பெரிய ஆண் பன்றிக்குத் தோள் மேலே தடித்த குருத்தெலும்புக் கவசம் ஒன்று இருக்கும், அதைத் துளைத்துப் போக அந்த எடை உதவும்.

பான் ஷாப் வின்செஸ்டர் 94 அழகுதான். ஏழு பவுண்டுக்குள் எடை, ஒரு கையில் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடக்கலாம். ஆனால் 80-களுக்கு முந்தையது என்றால் காலித் தோட்டாவை நேராகத் தலைக்கு மேலே வீசும், ஸ்கோப்பை நடுவில் வைக்க முடியாது. அப்புறம் 1964-இல் செலவைக் குறைக்கிறேன் என்று தகட்டு வேலையும் சின்டர்டு உலோகமும் (பொடியை அழுத்திச் சூடாக்கிச் செய்வது) போட்டார்கள், அந்தக் காலத்துத் துப்பாக்கிகளுக்கு இன்றும் மதிப்பு குறைவு. 64-க்கு முந்தையது என்றால் விலை வேறே கதை. நியூ ஹேவன் ஆலையை 2006-இல் மூடினார்கள், இப்போது வருவது ஜப்பானில் மிரோகு செய்வது. வேலைப்பாடு பிரமாதம், விலை உங்கள் பட்ஜெட்டில் அடங்காது.

மார்லின் 336 ரிசீவரின் (தோட்டா ஏறி இறங்கும் நடு உடல்) மேல் பக்கம் மூடியது, காலித் தோட்டா வலது பக்கமாகப் போகும். 1948-இலிருந்து இதே அமைப்பு. ஸ்கோப் போட நாலு ஸ்க்ரூ போதும்.

இரும்புத்தகடு:

டப்பா அண்ணன் வேட்டைக்காரர், அவர் பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார். மீதிப் பாதிக்கு நான்.

.30-30-ஐ எடுத்துக்கொண்டு கௌபாய் மேட்சுக்குப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே மெயின் மேட்சில் பிஸ்டல் தோட்டா போடுகிற லீவர்தான் செல்லும்: .38 ஸ்பெஷல், .357, .44, .45 கோல்ட் இந்த மாதிரி. ஈயக் குண்டு மட்டும். ரைஃபிளுக்கு வேக உச்சவரம்பு வினாடிக்கு 1,400 அடி. காரணம் எளிது: இலக்காக வைக்கும் இரும்புத் தகடுகள் பெரும்பாலும் 50 யார்டுக்குள்ளேதான் நிற்கும், அந்தத் தூரத்தில் .30-30 போட்டால் தகடு குழிந்துபோகும், செப்பு உறை சில்லு சில்லாகத் திரும்பி வரும்.

இன்னொன்று, யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள். ரைஃபிள் மட்டும் இருந்தால் கௌபாய் மேட்ச் ஆட முடியாது. 1987-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டியின் விதிப்படி, ஒரு லீவர் ரைஃபிள், சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் இரண்டு, பழைய பாணி ஷாட்கன் ஒன்று. அதற்கு மேல் இடுப்புப் பட்டை, தொப்பி, பழைய மேற்குக் காலத்துப் புனைபெயர் வேறே வைத்துக்கொள்ள வேண்டும். புனைபெயர் இலவசம், மற்றதெல்லாம் உங்கள் 1,300-ஐ இரண்டு முறை விழுங்கிவிடும்.

ரோஸ்ஸி ஆர்92 .357 எடுத்தால் .38 ஸ்பெஷலைப் போட்டு மேட்ச் ஆடலாம், .357 போட்டுப் பன்றி சுடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். தப்பில்லை. 158 கிரெய்ன் குண்டு கைத்துப்பாக்கியில் வருவதைவிட ரைஃபிளின் நீளமான பேரலில் (குழலில்) பல நூறு அடி வேகம் கூடி, 1,800 வரை போகும். 75 யார்டுக்குள் நடுத்தரப் பன்றிக்குப் போதும். ஆனால் ஃபீடர் 80 யார்டில் என்கிறீர்கள். 200 பவுண்டு ஆண் பன்றி அந்தி வெளிச்சத்தில் குறுக்கே வந்து நிற்கும்போது கையில் .357 இருந்தால் எனக்கு மனசு ஒப்பாது.

கரிசல்காடு:

ரிவால்வர் இரண்டு, ஷாட்கன் எல்லாம் வேண்டும் என்பது புதுச் செய்தி. அப்போ போட்டியை மறந்துவிட வேண்டியதுதானா?

இரும்புத்தகடு:

ஏன் மறக்க வேண்டும்? சில்லவுட் ஆடுங்கள். மெட்டாலிக் சில்லவுட்டில் லீவர் ரைஃபிளுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. 50 மீட்டரில் கோழி, 100-இல் பன்றி, 150-இல் வான்கோழி, 200-இல் செம்மறிக் கடா, எல்லாம் இரும்பில் வெட்டிய உருவங்கள். நின்றபடி, சாயாமல், தாங்கு எதுவும் இல்லாமல் சுட வேண்டும், உருவம் விழுந்தால்தான் புள்ளி. ஸ்கோப் கூடாது, இரும்பு சைட்தான். .30-30-க்கென்றே செய்த ஆட்டம் மாதிரி இருக்கும். செப்பு உறை போட்ட குண்டா ஈயக் குண்டா என்பதை மட்டும் அந்த ரேஞ்சில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பன்றி வேட்டைக்கு இதைவிடப் பயிற்சி கிடையாது. பெஞ்சில் மணல் மூட்டை வைத்து ஒரே ஓட்டையில் மூன்று குண்டு விழ வைக்கிறவர், நின்று சுடச் சொன்னால் 100 மீட்டர் பன்றியைச் சுற்றிப் புழுதி கிளப்புவதை நிறையப் பார்த்தாயிற்று.

ஒஹையோகாரன்:

ஒருவர் கூட .44 மேக்னம் பற்றிப் பேசவில்லையே? எங்கள் ஒஹையோவில் மானுக்கு .30-30 எடுத்துப் போக முடியாது. தோட்டாவின் கழுத்து சுருங்கியிருக்கிறது, அதனால் செல்லாது. 2014 வரை ஷாட்கன், மஸில்லோடர் (குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் நிரப்புவது) மாதிரிதான், அதற்கப்புறம் நேர்ச்சுவர்த் தோட்டா போடும் ரைஃபிளுக்கு அனுமதி கொடுத்தார்கள். விட்டம் .357-இலிருந்து .50 வரை. துப்பாக்கிக்குள் மொத்தம் மூன்று தோட்டாதான் இருக்கலாம், லீவர் மேகசினில் (தோட்டா நிரப்பும் குழாயில்) பத்து பிடிக்கும் என்று பெருமைப்பட்டுப் பயனில்லை.

அதனால் இங்கே லீவர் வியாபாரமே வேறே மாதிரி. .44, .45-70, இப்போது ரெமிங்டன் 2023-இல் கொண்டுவந்த .360 பக்ஹாமர். கடைசியாகச் சொன்னது .30-30 உறையை நேராக்கிச் செய்தது, எங்களை மாதிரி மாநிலங்களுக்கென்றே வந்தது. டெக்ஸாஸில் இந்தத் தொந்தரவு இல்லை, சரி. ஆனால் எச்-1பியில் இருப்பவர் நாளைக்கே கொலம்பஸுக்கு வேலை மாறி வர மாட்டார் என்று யார் சொன்னது? .44 எடுத்தால் ஊர் மாறினாலும் செல்லும். 240 கிரெய்ன் குண்டு ரைஃபிளிலிருந்து 1,700 அடிக்கு மேல் போகும், 100 யார்டுக்குள் பன்றி அப்படியே விழும். மெதுவான ஈயக் குண்டு போட்டால் கௌபாய் மேட்சும் ஆடலாம்.

பழைய_டப்பா:

ஒஹையோ சொல்வது நியாயம்தான். ஆனால் .44 எடுப்பதானால் ஒன்றைப் பார்த்து எடுக்க வேண்டும். பழைய மார்லின் 1894 .44-இல் பேரல் முறுக்கு (குண்டைச் சுழல வைக்கும் உள்வரிகள்) 38 இன்ச்சுக்கு ஒரு சுற்று. 240 கிரெய்னுக்குச் சரி, 300 கிரெய்ன் கனமான குண்டு நேராகப் போகாது. பன்றிக்காகக் கனக் குண்டு போட நினைத்தால் அங்கேதான் ஏமாறுவீர்கள். வாங்கும்போதே முறுக்கு என்ன என்று கேளுங்கள்.

ஊர் மாறுவோமோ என்ற பயத்தில் துப்பாக்கி வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாறினால் விற்றுவிடலாம், .30-30-க்கு எப்போதும் ஆள் இருக்கும்.

எட்டாம்_நம்பர்:

எல்லோரும் நூறு வருஷத்துக்கு முந்தைய தோட்டாவைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். லீவர்தான் வேண்டும் என்றால் பிரவுனிங் பிஎல்ஆர் இருக்கிறது, ஹென்றி லாங் ரேஞ்சர் இருக்கிறது. கழற்றி மாட்டுகிற பெட்டி மேகசின், சுழலும் போல்ட் (தோட்டாவுக்குப் பின்னால் பூட்டும் பாகம்) தலை, கூர் முனைக் குண்டு, .308. 300 யார்டில் மான் நின்றாலும் கவலை இல்லை. குழாய் மேகசினில் மொட்டைத் தலைக் குண்டைத் தள்ளிக்கொண்டு ஏன் கஷ்டப்பட வேண்டும்?

பழைய_டப்பா:

அவர் 80 யார்டு என்றார். நீங்கள் 300-க்குப் பதில் சொல்கிறீர்கள்.

பிஎல்ஆர் நல்ல துப்பாக்கி, இல்லை என்று சொல்லவில்லை. லீவர் பல்சக்கரத்தை ஓட்டி போல்ட்டை நகர்த்துகிற அமைப்பு, வெண்ணெய் மாதிரி ஓடும். ஆனால் வீட்டில் பிரித்துத் துடைக்கலாம் என்று கை வைத்துவிடாதீர்கள், பல் ஒன்று தள்ளி மாட்டினால் பூட்டாது, கன்ஸ்மித்திடம்தான் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) ஓட வேண்டும். விலையும் ஸ்கோப் வாங்குவதற்கு முன்பே பட்ஜெட்டை முடித்துவிடும். பெட்டி மேகசின் வயிற்றுக்கு அடியில் வந்துவிடுவதால் நடக்கும்போது கையில் பிடிக்க வேண்டிய இடமும் போய்விடுகிறது. லீவரில் பாதிச் சுகமே அந்த இடத்தைப் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பதுதானே.

எட்டாம்_நம்பர்:

பிடித்து நடக்கிற சுகத்துக்காகக் குண்டு வேகத்தை விட்டுக்கொடுப்பது உங்கள் இஷ்டம். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

இடதுகைக்காரி:

பென்சில்வேனியாவிலிருந்து. எட்டாம் நம்பர், உங்கள் ஊர் வெட்டவெளி போலிருக்கிறது, சரி. எங்கள் மலையில் 60 யார்டு தாண்டி மரம் மறைக்காமல் ஒரு மானைப் பார்ப்பதே அபூர்வம். பெரிய விலங்குக்கு செமி ஆட்டோ ரைஃபிள் இங்கே சட்டப்படி கூடாது, அதனால் இரண்டாவது குண்டு சீக்கிரம் வேண்டுமென்றால் லீவரோ பம்ப்போதான். எனக்கு இடது கை. போல்ட் ஆக்‌ஷனில் இடது கைக்குத் தனி மாடல் தேடி அலைய வேண்டும், லீவருக்கு இரண்டு கையும் ஒன்றுதான்.

கரிசல்காடு கவனிக்க வேண்டியது ஒன்று. வாங்கப் போகும்போது லீவரை ஆட்டிப் பார்ப்பது மட்டும் போதாது, தோளில் வைத்துப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவந்து, கன்னத்தைக் கட்டையில் (தோளில் பதியும் மரப் பகுதி) பதித்து, அப்புறம் கண்ணைத் திறங்கள். இரும்பு சைட் கண்ணுக்கு நேரே இருக்கும், ஏனென்றால் லீவர் ரைஃபிளின் கட்டையை அதற்காகத்தான் தாழ்த்திச் செதுக்கியிருக்கிறார்கள். அதே துப்பாக்கியில் ஸ்கோப் போட்டால் கன்னம் கட்டையை விட்டு மேலே எழும்பிவிடும், தாடையை ஒட்டிக்கொண்டு சுடுகிற மாதிரி ஆகும். கன்னத்துக்கு உயரம் கூட்டும் பட்டை வாங்கிக் கட்டலாம், அல்லது ஸ்கோப்பையே மறந்துவிட்டு பீப் சைட் (சின்னத் துளை வழியாகக் குறிபார்ப்பது) போடலாம். நான் இரண்டாவது கட்சி. ஸ்கின்னர், வில்லியம்ஸ் எல்லாம் 336-க்கு நேராகப் பொருந்தும், ரிசீவரில் ஓட்டை ஏற்கெனவே இருக்கும். சில்லவுட்டுக்கும் அதுவே உதவும், தனியாகக் கழற்றி மாட்ட வேண்டாம்.

ஸ்கோப் போட்டே ஆக வேண்டும் என்றால் ஹேமரில் (பின்னால் இழுத்துவிட்டால் அடித்துத் தோட்டாவைச் சுட வைக்கும் சுத்தியல்) மாட்டும் பக்கவாட்டுக் கொம்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஸ்கோப்புக்கும் ஹேமருக்கும் நடுவில் கட்டை விரல் போகாது. குளிரில் கையுறை போட்டுக்கொண்டு, குண்டு ஏறிய துப்பாக்கியின் ஹேமரை அந்த இடுக்கில் மெல்ல இறக்குவது எனக்குப் பிடிக்காத வேலை.

கரிசல்காடு:

இதெல்லாம் எந்த வீடியோவிலும் சொல்லவில்லை, நன்றி. ஹேமர் விஷயம் கொஞ்சம் பயமாக இருக்கிறது. அப்புறம் ஹென்றியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. 1860-இலிருந்து செய்கிறார்கள் என்று கடைக்காரர் சொன்னார், ஓட்டிப் பார்த்தேன், வழுவழுவென்று இருந்தது.

பழைய_டப்பா:

1860 ஹென்றி ரைஃபிள் வேறு, இந்தக் கம்பெனி வேறு. இது 1996-இல் புரூக்ளினில் ஆரம்பித்தது, பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை, துப்பாக்கி நன்றாகவே செய்கிறார்கள், லீவர் ஓட்டம் பெட்டியிலிருந்து எடுத்த அன்றைக்கே மழமழவென்று இருக்கும். கடைக்காரர் கதையை மட்டும் நம்ப வேண்டாம்.

குண்டு நிரப்புவதில்தான் வித்தியாசம். மார்லின், வின்செஸ்டரில் ரிசீவரின் வலது பக்கக் கதவு வழியாக ஒவ்வொன்றாகத் தள்ளுவோம். ஹென்றியில் பல வருஷம் அந்தக் கதவே கிடையாது, .22 ரைஃபிள் மாதிரி முன்பக்கக் குழாயை உருவி மேலிருந்து போட வேண்டும். சுட்டுக்கொண்டே இரண்டு குண்டு சேர்க்க முடியாது. இப்போது பக்கக் கதவும் வைத்துச் செய்கிறார்கள், வாங்கினால் அதைத்தான் வாங்க வேண்டும். ஏனென்றால் இரண்டும் கிடைக்கிறது: நிரப்பக் கதவு, காலி செய்யக் குழாய்.

காலி செய்வதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். அந்தியில் வேட்டை முடிந்து வண்டிக்குத் திரும்பும்போது மார்லினில் இருக்கிற ஆறு குண்டையும் லீவரை ஆட்டி ஆட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும். விரல் ட்ரிக்கருக்கு வெளியே, முனை மண்ணைப் பார்த்து, அவசரப்படாமல். ஹென்றியில் குழாயை உருவிச் சாய்த்தால் கொட்டிவிடும், அப்புறம் சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் இடம்) இருப்பதை மட்டும் எடுத்தால் போதும். புதிதாகக் கற்பவருக்கு அது நல்லது, ஒத்துக்கொள்கிறேன். பித்தளை ரிசீவர் மாடலை மட்டும் எடுக்காதீர்கள், எட்டு பவுண்டுக்கு மேல். ஃபோட்டோவுக்கு நன்றாக இருக்கும், நடைக்கு ஆகாது.

கூர் முனைக் குண்டு பற்றியும் சொல்லிவிடுகிறேன். குழாய்க்குள் ஒரு குண்டின் மூக்கு முன்னால் இருக்கும் குண்டின் பிரைமரில் (அடித்தால் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) முட்டிக்கொண்டு நிற்கும். கூரான கெட்டி முனையாக இருந்து துப்பாக்கி உதைத்தால் அது பிரைமரை அடிக்கும் ஆணியாகிவிடும், குழாய்க்குள்ளேயே வெடிக்கும், உங்கள் இடது கை அங்கேதான் இருக்கும். அதனால் தட்டை மூக்கு அல்லது உருண்டை மூக்கு. விதிவிலக்கு ஹார்னடியின் லீவரெவல்யூஷன், முனை மெத்தென்ற பாலிமர். 160 கிரெய்ன் .30-30-க்கு 2,400 அடி வேகம், 150 யார்டைத் தாண்டிச் சுட நினைப்பவர்கள் அதை எடுப்பார்கள். உங்கள் 80 யார்டுக்கு சாதாரணத் தோட்டாவே போதும், 20 கொண்ட பெட்டிக்குப் பத்துப் பதினைந்து டாலர் மிச்சம்.

இடதுகைக்காரி:

ஹேமர் பயம் இருக்கட்டும், நல்லதுதான். வெறும் துப்பாக்கியில், இரண்டு தடவை காலி என்று பார்த்துவிட்டு, வீட்டில் பழகுங்கள். ஹேமரைக் கட்டை விரலால் கெட்டியாகப் பிடித்து, ட்ரிக்கரை லேசாக அழுத்தி, ஹேமர் நகர ஆரம்பித்ததும் ட்ரிக்கரை விட்டுவிட வேண்டும். ட்ரிக்கரை விட்டால் ஹேமர் தானாக ஹாஃப்-காக்கில் (பாதி இழுத்த பாதுகாப்பு நிலை) போய் மாட்டிக்கொள்ளும். கடைசி வரை ட்ரிக்கரை அழுத்திக்கொண்டே இறக்குவதில்தான் விபத்து நடக்கிறது.

லீவரைப் பயந்து பயந்து ஓட்டவும் வேண்டாம். பாதியில் நிறுத்தித் திரும்பினால் காலித் தோட்டா போகாது, புதுசு ஏறாது, நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும். முழுக்கத் தள்ளி முழுக்க இழுக்க வேண்டும், துப்பாக்கி தோளிலேயே இருக்கட்டும். படம் பார்த்துவிட்டு இடுப்புக்கு இறக்கி ஆட்டுகிற பழக்கம் வந்தால் இரண்டாவது குண்டுக்குள் பன்றி அடுத்த கவுண்டிக்குப் போயிருக்கும்.

பட்டா_சிட்டா:

நீங்கள் எல்லோரும் துப்பாக்கியைப் பேசிவிட்டீர்கள், நான் காகிதத்தைப் பேசுகிறேன். கரிசல்காடு எச்-1பி என்கிறார், இதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

ஃபெடரல் சட்டப்படி நான்-இமிக்ரன்ட் விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. வாங்குவது மட்டும் இல்லை, கையில் எடுப்பதும் சேர்த்தி. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்தாலும் அதேதான். அதற்குச் சில விலக்குகள் உண்டு, நமக்குப் பயன்படுவது ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். கடையில் துப்பாக்கி வாங்குபவருக்கான 4473 என்ற ஃபெடரல் படிவம் நிரப்பும்போது நான்-இமிக்ரன்ட் விசாவா என்று கேட்பார்கள், ஆம் என்று எழுதி, விலக்குக்கு லைசென்ஸைக் காட்ட வேண்டும். ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) எண் வேண்டும், எடுத்துக்கொண்டு போங்கள்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். டெக்ஸாஸில் தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு, காட்டுப்பன்றி சுட 2019 செப்டம்பரிலிருந்து லைசென்ஸே தேவையில்லை. உங்கள் நண்பரின் மாமனாருக்கு இது தெரியும், அதனால் 'லைசென்ஸ் எல்லாம் எதற்கு' என்று சொல்வார். அவருக்குத் தேவையில்லை. உங்களுக்குத் தேவை, பன்றிக்காக இல்லை, துப்பாக்கி கையில் இருப்பதற்காக. டெக்ஸாஸ் லைசென்ஸ் எப்போது எடுத்தாலும் ஆகஸ்ட் 31-இல் முடிந்துவிடும். செப்டம்பர் 1 காலையில் புதுசு எடுக்காமல் அலமாரியில் ரைஃபிள் இருந்தால் நீங்கள் சட்டத்துக்கு வெளியே நிற்கிறீர்கள். அடுத்த வருஷ லைசென்ஸ் ஆகஸ்ட் மாதத்திலேயே விற்பனைக்கு வந்துவிடும், அப்போதே வாங்கிவிடுங்கள். துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்தல் வரை போகும் விஷயம், கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர் விளையாடக் கூடாது. எச்-4-இல் இருக்கும் மனைவியும் சுட ஆசைப்பட்டால் அவருக்கும் தனி லைசென்ஸ். சந்தேகம் இருந்தால் கடைக்காரரைக் கேட்காதீர்கள், வக்கீலைக் கேளுங்கள்.

பின்னணிச் சோதனையில் நம் ஆட்களுக்கு 'டிலே' என்று வருவது சகஜம், குடியேற்றப் பதிவையும் சேர்த்துத் தேடுவதால். பதற வேண்டாம்.

கரிசல்காடு:

ஆகஸ்ட் 31 விஷயம் தெரியும், ஆனால் அலமாரியில் சும்மா இருந்தாலும் தப்பு என்று யோசித்ததே இல்லை. காலெண்டரில் போட்டுவிட்டேன். ரேஞ்சுக்குப் போனதெல்லாம் லைசென்ஸ் எடுத்த பிறகுதான், கடவுள் புண்ணியம்.

சரி, இப்படி முடிவு பண்ணியிருக்கிறேன். கௌபாய் மேட்ச் இப்போதைக்கு வேண்டாம், சில்லவுட். தோட்டா .30-30. பீப் சைட். புது மார்லின் எடுத்தால் துப்பாக்கிக்கே ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. அதே பான் ஷாப்பில் பழைய 336 ஒன்றும் இருக்கிறது, 650 சொல்கிறார்கள். பழைய மார்லினில் நல்ல காலம், கெட்ட காலம் என்று ஏதோ இருக்கிறதாமே?

பழைய_டப்பா:

இருக்கிறது. கனெக்டிகட் நார்த் ஹேவனில் செய்தவரை நல்ல காலம். 2007 கடைசியில் ரெமிங்டன் வாங்கி, ஆலையை மூடி, இயந்திரங்களையும் வேலையையும் இடம் மாற்றினார்கள். பல வருஷம் கை பழகிய ஆட்கள் கூட வரவில்லை. அடுத்த சில வருஷம் வந்தவற்றில் சைட் சாய்ந்திருக்கும், மரம் இரும்போடு சேராது, லீவர் கரகரக்கும். கடைசிக் காலத்தில் திருந்தினார்கள், ஆனால் கெட்ட பெயர் போகவில்லை. 2020-இல் ரெமிங்டன் திவாலானபோது மார்லினை ரூகர் வாங்கியது. வட கரோலினாவில் செய்து 2021 கடைசியில் .45-70-இல் ஆரம்பித்து, 2023-இல் 336-ஐக் கொண்டுவந்தார்கள். புதுசு நன்றாகவே இருக்கிறது, காசு இருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.

பழையதில் பேரலின் இடது பக்கம், ரிசீவரை ஒட்டி, நீள்வட்டத்துக்குள் 'ஜேஎம்' என்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். அது நார்த் ஹேவன் காலத்துப் பேரல். 'ஆர்இபி' என்று இருந்தால் ரெமிங்டன் காலம். சீரியல் எண்ணிலிருந்து வருஷமும் கண்டுபிடிக்கலாம்: 1973-க்கு அப்புறம் வந்தவற்றில் முதல் இரண்டு இலக்கத்தை 100-லிருந்து கழித்தால் வருஷம்.

அப்புறம் கையில் வாங்கி, காலி என்று பார்த்து, லீவரை மெதுவாகவும் வேகமாகவும் ஓட்டுங்கள். போல்ட் மூடிய பிறகு லீவர் தானாகத் தொங்கக் கூடாது. ஸ்க்ரூ தலைகள் கடித்துக் குதறியிருந்தால் யாரோ தெரியாமல் பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கட்டை ரிசீவரில் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், வருவது அங்கேதான். பேரல் வாய் விளிம்பில் பள்ளம் இருந்தால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கடைக்காரர் அனுமதித்தால் லீவர் ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றுங்கள். லீவர் கீழே வரும், போல்ட் பின்பக்கமாக உருவி வந்துவிடும், பேரலைப் பின்னாலிருந்து பார்க்கலாம், சுத்தம் செய்வதும் அப்படித்தான். வின்செஸ்டர் 94-இல் இது சுலபத்தில் நடக்காது, முன்னாலிருந்துதான் கம்பி விட வேண்டும். போல்ட்டை எடுக்கும்போது இஜெக்டர் (காலித் தோட்டாவை வெளியே தள்ளுவது) என்ற சின்னத் துண்டு ஒன்று உள்ளே கழன்று விழும், கார்ப்பெட்டில் தொலைத்துவிடாதீர்கள்.

ஒஹையோகாரன்:

650 அதிகம், 600-க்குக் கேளுங்கள். பான் ஷாப்பில் முதல் விலைக்கு யாரும் வாங்குவதில்லை.

கரிசல்காடு:

கடையில் நின்றுதான் எழுதுகிறேன். ஜேஎம் இருக்கிறது. சீரியல் 25-இல் ஆரம்பிக்கிறது. கட்டையில் கீறல் நிறைய, விரிசல் இல்லை. பேரல் பளபளவென்று இருக்கிறது. ரிசீவரில் சேஃப்டி பட்டன் எதுவும் காணோம், கழன்று போயிருக்குமா?

பழைய_டப்பா:

1975. அந்தப் பட்டன் 80-களில்தான் வந்தது, உங்களுடையதில் எப்போதுமே இருந்திருக்காது. காலியாக இருக்கிறது என்று இன்னொரு முறை பாருங்கள், முனையைத் தரைக்குத் திருப்பி ஹேமரை ஹாஃப்-காக்கில் வைத்து ட்ரிக்கரை அழுத்திப் பாருங்கள். இம்மிகூட நகரக் கூடாது. அப்புறம் முழுக்கக் காக் செய்து, லீவரைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு ட்ரிக்கரை அழுத்துங்கள், அதுவும் வேலை செய்யக் கூடாது. இரண்டும் சரியென்றால் 600 சொல்லுங்கள், 620-க்குத் தருவார்.

கரிசல்காடு:

இரண்டும் சரி. 625-க்கு முடிந்தது, பழைய தோல் ஸ்லிங் ஒன்றும் சேர்த்துக் கொடுத்தார். 4473-இல் டிலே வந்திருக்கிறது, அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

இடதுகைக்காரி:

அதற்குள் பீப் சைட் ஆர்டர் போட்டுவிடுங்கள். முன் சைட்டின் உயரத்தையும் கேட்டு வாங்குங்கள், பின்னால் பீப் போட்டால் பல சமயம் முன்னால் இன்னும் உயரமானது தேவைப்படும்.